இரண்டு கம்பி வீட்டில் ஒரு லேத்

பிப்ரவரி 4

அண்ணா,

லேத் வந்து இறங்கிவிட்டது. நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நீயும் இருக்க மாட்டாய். அந்த இரண்டு வரியை மிச்சம் பிடிக்கலாம்.

போனிலேயே பேசலாமே என்றார் என் வீட்டுக்காரர், உன் மாப்பிள்ளை. போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. பதினெட்டு வருஷத்தில் முதல் முறையாக ஒரு விஷயத்தை உன்னிடம் முழுதாகச் சொல்லி முடிக்கப் போகிறேன்.

லாரியிலிருந்து இறக்க ஆறு பேர் தேவைப்பட்டது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பின்பக்க அறைதான் இனி என் பட்டறை. கதவு நிலையையே கழற்றி, இரும்புக் குழாய்களை அடியில் உருட்டி உருட்டி உள்ளே தள்ளினோம். துரு ஏறாதிருக்க எல்லா இடத்திலும் கிரீஸ் பூசி அனுப்பியிருந்தாய். நன்றி. அது லேத்துக்குச் செய்த மரியாதை, எனக்கல்ல என்பதும் தெரியும்.

லாரி கிளம்பும்போது தெருவே கேட்க நீ கத்தியது இன்னும் காதில் நிற்கிறது. "கொண்டு போ, கொண்டு போ! உன் வீட்ல கரண்டு ரெண்டு கம்பியிலதான் வருது. மூணு ஃபேஸ் மிஷினை நடுவீட்ல வெச்சு அழகு பாரு!"

உன் பட்டறையை விட்டு நான் ஏன் கிளம்பினேன் என்று அண்ணியிடம் வேறு ஏதோ கதை சொல்லியிருக்கிறாயாம். உனக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். பம்ப் கம்பெனிக்காரர் பம்ப்புக்குள் சுழலும் தண்டை, அந்த ஷாஃப்டை, வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாருங்க கடைஞ்சது இது? கையைக் கொடுங்க" என்றார். நீ கையை நீட்டினாய். மூன்றடி தள்ளி, கையெல்லாம் எண்ணெயோடு நான் நின்றுகொண்டிருந்தேன். "தங்கச்சியும் கூடமாட இருக்கும்" என்று வேறு சொன்னாய். கூடமாட! பதினெட்டு வருஷம் நான் கடைந்ததெல்லாம் கூடமாட!

அப்பா அந்த லேத்தை எனக்கென்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுத்தான் போனார். அதனால் எடுத்து வந்தேன். இங்கே அதை ஓட்டிக் காட்டுகிறேன். ஓடாவிட்டால் நானே லாரி பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்து, உன் பட்டறையில் வாயைத் திறக்காமல் கூடமாட நிற்கிறேன். எழுத்திலேயே கொடுத்துவிட்டேன். பத்திரமாக வைத்துக்கொள்.

லேத்தின் சொந்தக்காரி


பிப்ரவரி 9

தங்கச்சி,

கடிதம் கிடைத்தது. கோபத்தில் மோட்டார் ஓடாது. அதற்குக் கரண்டு வேண்டும்.

மூன்று கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிச் சுற்றித் தள்ளுவதால்தான் அந்த மோட்டார் தானாகக் கிளம்புகிறது. உன் வீட்டு இரண்டு கம்பியைக் கொடுத்தால் முன்னே ஒரு இழுப்பு, பின்னே ஒரு இழுப்பு. நின்ற இடத்திலேயே நடுங்கும். ம்ம்ம் என்று முனகும். கொஞ்ச நேரத்தில் கருகும். நான் வயரிங் உரிமம் வாங்கியவன், வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை.

சிங்கிள் ஃபேஸ் மோட்டார் வாங்கி மாட்டிவிடலாம் என்று கணக்குப் போடாதே. அந்த லேத்தின் மோட்டார் அதன் இரும்புக் காலுக்குள்ளே உட்கார்ந்திருக்கிறது. அந்தக் குழிக்குள் வேறு எதுவும் நுழையாது. மின்சார அலுவலகத்திலும் விசாரித்தேன். உங்கள் தெருவுக்கு மூன்று ஃபேஸ் வரப் புதிதாகக் கம்பங்கள் நட வேண்டுமாம். இரண்டு வருஷம் ஆகலாம் என்கிறார்கள்.

அன்று கம்பெனிக்காரர் கையை நீட்டினார், நானும் நீட்டினேன். பட்டறை என்றால் எல்லோர் வேலையும் பட்டறை வேலைதான். இதைப் பெரிதாக்கியது நீ.

சன்னலோரத்தில் உன் இடம் காலியாகத்தான் இருக்கிறது. மாதக் கடைசியில் லாரியை நானே அனுப்புகிறேன்.

அண்ணன்


பிப்ரவரி 26

அண்ணா,

லாரி வேண்டாம். லேத் ஓடுகிறது!

நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். உன் கடிதம் வந்த மறுநாளே இரண்டு கம்பியைக் கொடுத்துப் பார்த்தேன். நீ சொன்னதற்கு மாறாக ஏதாவது நடக்காதா என்ற ஆசைதான். முனகியது. நான்கு நிமிஷத்தில் புகை வந்தது. சிரித்துக்கொள், ஒரு நிமிஷம் தருகிறேன்.

சிரித்தாயிற்றா? அந்த மோட்டாரை, செம்புக் கம்பி சுற்றித் தருகிற வைண்டிங் கடைக்குத் தூக்கிப் போனேன். கடைக்காரர் எப்போதும் வாயில் செம்புக் கம்பியைக் கடித்துக்கொண்டே பேசுகிறவர். என் கதையைக் கேட்டுவிட்டு, "கருகினதும் நல்லதுதாம்மா. எப்படியும் உள்ள இருக்கிற கம்பிக் கட்டை மாத்தணும். உங்க வீட்டு வோல்டேஜுக்கே சுத்தித் தர்றேன்" என்றார். பிறகுதான் வித்தையைச் சொன்னார். இன்னொரு மூன்று ஃபேஸ் மோட்டார், லேத் மோட்டாரைவிடப் பெரியதாக வேண்டும். அதற்கும் இரண்டு கம்பிதான் கொடுக்கிறோம். தானாகக் கிளம்பாது. நாம் கையால் சுற்றிவிட்டு ஸ்விட்சைப் போட்டால் விடாமல் ஓடும். அப்படி ஓடும்போது அதன் மூன்றாவது முனையில் அதுவே கரண்டை உண்டாக்கும். வீட்டுக் கம்பி இரண்டு, அது தரும் கம்பி ஒன்று. மூன்று ஆகிவிட்டதா?

கடைகளில் இதற்கென்று ஒரு மின்னணுப் பெட்டி விற்கிறதே என்று கேட்டேன். "பெட்டி செத்தா தூக்கித்தான் போடணும். மோட்டார் செத்தா நான் இருக்கேன்" என்றார். எனக்குப் பிடித்துவிட்டது.

பழைய இரும்புக் கடையில் ஒரு மாவு மில்லின் மூன்று எச்.பி. மோட்டார் கிடைத்தது. அதையும் என் வீட்டு வோல்டேஜுக்குக் கட்டி வாங்கினேன். அதன் தண்டில் ஒரு கப்பி மாட்டி, கயிற்றை நான்கு சுற்றுச் சுற்றி, உன் மாப்பிள்ளையை இழுக்கச் சொன்னேன். படகு மோட்டாரைக் கிளப்புவது போல ஒரே இழுப்பு. ஸ்விட்சைப் போட்டேன். பிடித்துக்கொண்டது!

எதையும் ஓட்டாமல் மூலையில் வெறுமனே சுற்றுவதால் அதற்குச் சும்மா மோட்டார் என்று பெயர் வைத்திருக்கிறோம். "சும்மா இருக்கிற மாதிரி தெரியும், ஆனா நான் இல்லேன்னா வீட்ல ஒண்ணும் ஓடாது" என்கிறார் உன் மாப்பிள்ளை. பொறுத்துக்கொண்டேன். தினமும் காலையில் வேனை எடுத்துக்கொண்டு கிளம்புமுன் கயிற்றை இழுத்துக் கொடுக்கிற மனிதர் அவர்.

முதல் வேலையாகச் சின்ன உருளை வளையம் ஒன்று, ஒரு புஷ், கடைந்து பார்த்தேன். அளவு முடி அளவுகூடப் பிசகவில்லை.

இப்போது என்ன சொல்கிறாய்?

உன் தங்கை, டர்னர்


மார்ச் 2

தங்கச்சி,

ஓடும். ஒரு புஷ்ஷுக்கு ஓடும். ஒரு நாள் முழுக்க ஓடட்டும், பார்க்கலாம்.

இந்த ஏற்பாட்டைப் பற்றி நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். மூன்றாவது கம்பி எப்போதும் சவலைப் பிள்ளைதான். லேத் வெட்டும்போது அதில் எத்தனை வோல்ட் நிற்கிறது? மற்ற இரண்டு கம்பியோடும் தனித்தனியாக அளந்தாயா? லேத் மோட்டார் அரை மணி நேரத்தில் கை வைக்க முடியாதபடி சுடுகிறதா? ஃபியூஸ் என்ன போட்டிருக்கிறாய்?

சும்மாதான் கேட்கிறேன். பதில் எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி.

அண்ணி கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அண்ணன்


மார்ச் 10

அண்ணா,

சும்மா கேட்பவன் இத்தனை கேள்வி கேட்பானா? சரி, எழுதிக்கொள். லேத் வெட்டாதபோது மூன்றாவது கம்பியில் ஒரு பக்கம் 208, மறுபக்கம் 190. வெட்டும்போது 175-க்கு இறங்குகிறது. அரை மணியில் சுடுகிறது, உண்மைதான். அப்போது நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டுகிறேன். ஃபியூஸ், வீட்டில் இருப்பதுதான்.

இன்னொன்றும் நடந்தது. சொல்லாமல் விட்டால் யார் மூலமாகவாவது உன் காதுக்கு வரும். நானே சொல்லிவிடுகிறேன்.

உன் மாப்பிள்ளை மூன்று நாள் வெளியூர் சவாரி. கயிற்றை நானே சுற்றி இழுத்தேன். சும்மா மோட்டார் அழகாகக் கிளம்பியது. லேத் மோட்டாரும் கிளம்பியது. கிளட்ச்சைப் போட்டேன். இரும்பைக் கவ்விப் பிடித்துச் சுழற்றுகிற சக் பின்பக்கமாகச் சுழன்றது, அண்ணா! பதினாறு கிலோ சக். மரையில்தான் நிற்கிறது, உனக்குத் தெரியாததா. திருகு கழன்றுகொண்டே வந்து, நான் லிவரைத் திரும்ப இழுப்பதற்குள் வெளியே குதித்துவிட்டது. சிமெண்டுத் தரையில் ஒரு தட்டு அளவுக்குப் பள்ளம். என் காலிலிருந்து நான்கு விரற்கடை.

முதலில் உன்னைத்தான் திட்டினேன். அனுப்புவதற்கு முன்னால் ஸ்விட்சுக்குள்ளே கம்பியை மாற்றி வைத்துவிட்டாய், அது இன்றைக்கு வேலையைக் காட்டியது என்றே நினைத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து, உனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை அத்தனையும் சொன்னேன், எனக்கு மட்டும் தெரிந்த சிலதும் சொன்னேன். பெட்டியைத் திறந்து பார்த்தால் கம்பி எல்லாம் சரியாகவே இருந்தது.

அப்புறம்தான் உறைத்தது. அவர் வலதுகைக்காரர், நான் இடதுகைக்காரி. நான் கயிற்றை என் கைக்கு வாகாக எதிர்ப்பக்கம் சுற்றி இழுத்திருக்கிறேன். எந்தப் பக்கம் கிளப்புகிறோமோ அந்தப் பக்கமே சும்மா மோட்டார் ஓடுகிறது. அது எதிர்ப்பக்கம் ஓடினால் லேத்தும் எதிர்ப்பக்கம் ஓடுகிறது. இதை வைண்டிங்காரரும் சொல்லவில்லை. அவரிடம் வருகிறவர்கள் எல்லோரும் வலதுகைக்காரர்களாம்!

கப்பியில் சிவப்புப் பெயிண்டால் அம்புக்குறி போட்டுவிட்டேன். திட்டியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. நீ அதைச் செய்யாவிட்டாலும், செய்யக்கூடியவன் என்று எனக்குத் தோன்றியதே, அதை யோசித்துப் பார்.

தங்கை


மார்ச் 13

தங்கச்சி,

நான்கு விரற்கடை என்று சாதாரணமாக எழுதுகிறாய்.

போதும். ரோஷத்துக்கு ஒரு அளவு இருக்கிறது. மாப்பிள்ளையிடமும் இதையேதான் சொல்வேன். லேத்தை நிறுத்து. இங்கே வா. ஷாஃப்ட் யார் கடைந்தது என்று கேட்டால் உன்னைக் கைகாட்டுகிறேன், போதுமா?

அண்ணன்


மார்ச் 28

பொதுநலம் கருதும் அண்ணாவுக்கு,

ஆமாம், அந்தப் பெயரைத்தானே மனுவின் அடியில் போட்டிருந்தாய்?

செவ்வாய்க்கிழமை காலை மின்சார அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். இந்த வீட்டில் அனுமதியில்லாமல் மூன்று ஃபேஸ் இயந்திரம் ஓடுகிறது, தெருவில் விளக்கெல்லாம் மங்குகிறது, உயிருக்கே ஆபத்து, உடனே இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்று ஒரு மொட்டைக் கடிதமாம். கையில் கொடுத்தார். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. வலதுகைக்காரன் இடது கையால் எழுதினால் எப்படி இருக்கும் என்று இடதுகைக்காரி எனக்கா தெரியாது? மாவு மில் மோட்டார், 175 வோல்ட், வீட்டு ஃபியூஸ் எல்லாம் அதில் இருந்தது. இந்த உலகத்தில் அதையெல்லாம் நான் எழுதியது ஒரே ஒருவனுக்குத்தான். நான் பெருமையடித்துக்கொண்ட கடிதங்களையே எடுத்து என் கழுத்துக்குக் கயிறு திரித்திருக்கிறாய்.

மனுவை முதலிலிருந்து மறுபடி ஒருமுறை படித்தேன்.

பிறகு காகிதத்தைத் திருப்பினேன். பின்பக்கம் படம். 'இவ்வாறு பொருத்தியிருக்கிறாள்' என்று தலைப்பு. அது மட்டும் இடது கை இல்லை. அடிமட்டம் வைத்து, கம்பி கம்பியைத் தாண்டும் இடத்தில் சின்ன வளைவு போட்டு, அப்பா உனக்குச் சொல்லிக் கொடுத்த அதே கை. பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னிடம் இல்லாததெல்லாம் அதில் இருந்தது. மூன்றாவது கம்பிக்கும் மற்ற இரண்டுக்கும் நடுவில் பக்கத்துக்கு ஒன்றாக, கரண்டைத் தேக்கிக் கொடுக்கிற இரண்டு கெபாசிட்டர். சும்மா மோட்டாருக்குத் தனி ஃபியூஸ். லேத் மோட்டார் சுட்டால் தானாக நிறுத்துகிற ரிலே. எர்த் கம்பி. நான் போட்ட அம்புக்குறிகூட!

என்னைக் காட்டிக்கொடுக்க உட்கார்ந்த மனிதன், ஓடாத மாதிரி நாலு கோடு கிறுக்கிவிட்டுப் போயிருக்கக் கூடாதா? உன்னால் ஒரு மோட்டாரைத் தப்பாக வரைய முடியவில்லை, அண்ணா. ஆய்வாளர் முன்னாலேயே சிரித்துவிட்டேன். கண்ணில் தண்ணீரும் வந்தது. அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

பாவம், நல்ல மனிதர். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தையும் அறையையும் மாறி மாறிப் பார்த்தார். "படத்துல இருக்கிற மாதிரி இருந்தா ஆபத்து ஒண்ணும் இல்லைம்மா. ஆனா நீங்க வெச்சிருக்கிறது இது இல்லையே?" என்றார். "பதினஞ்சு நாள் கொடுங்க சார், இதையே வெச்சுக் காட்டறேன்" என்றேன். கொடுத்தார். படத்தை ஒரு பழைய காலண்டர் தாளின் பின்னால் அப்படியே நகல் எடுத்துக்கொண்டேன்.

நான்கு நாளில் எல்லாவற்றையும் மாட்டிவிட்டேன். மூன்றாவது கம்பியில் இப்போது 224. லேத் முனகவே இல்லை. காலை முழுக்க வெட்டிவிட்டு மோட்டார் மேல் கையை வைத்தேன், வெதுவெதுப்புதான்.

நீ செய்தது துரோகம். அதை இனிப்பு தடவிச் சொல்ல மாட்டேன்.

நிற்காத லேத்தின் சொந்தக்காரி


ஏப்ரல் 1

தங்கச்சி,

மொட்டைக் கடிதம் எழுதுவது என் பழக்கம் இல்லை. வரையத் தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தானா? கம்பிக்கு வளைவு போடுகிறவன் எல்லாம் உன் அண்ணனா? ஆதாரம் இல்லாமல் கூடப்பிறந்தவன் மேல் பழி போடுகிறாய். வாய் இருக்கிறது என்று பேசாதே.

நிற்க. நாற்பது மைக்ரோ கெபாசிட்டரை எந்தப் பக்கம் மாட்டினாய்? அம்புக்குறி கடிகாரத் திசையில் என்றால் நாற்பது முதல் கம்பிக்கு, இருபத்தைந்து இரண்டாவது கம்பிக்கு. மாற்றி மாட்டினால் வோல்டேஜ் ஏறவே ஏறாது. எண்ணெய் நிரப்பிய கெபாசிட்டர்தானே? மலிவாகக் கிடைக்கிறதே என்று கறுப்பு உருளையை வாங்கியிருந்தால் இன்றே கழற்று. அது கிளம்புவதற்கு மட்டும் உள்ளது, ஓட்டிக்கொண்டே இருந்தால் வெடிக்கும்.

அண்ணன்


ஏப்ரல் 9

அண்ணா,

மேல் பாதியில் ஒன்றும் அறியாத பிள்ளை. கீழ்ப் பாதியில் நாற்பது, இருபத்தைந்து. நான் என் கடிதத்தில் கெபாசிட்டரின் எண்ணை எழுதவே இல்லையே! அது மனுவின் பின்பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. ஒரு பொய்யை ஒரு பக்கம்வரைகூட உன்னால் கொண்டு செலுத்த முடியவில்லை.

நாற்பது முதல் கம்பிக்குத்தான். எண்ணெய் நிரப்பியதுதான். கவலைப்படாதே.

நேற்று சோதனை நடந்தது. ஆய்வாளர் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவின் அறையில், அவளுடைய பல்புக்கு நேர் கீழே போய் நின்றுகொண்டார். கயிற்றை நான்தான் இழுத்தேன், அம்புக்குறி பார்த்து. ஸ்விட்ச், லேத் மோட்டார், கிளட்ச், ஒவ்வொன்றாக. எஃகுக் கம்பியில் ஆழமாக ஒரு வெட்டு கொடுத்துவிட்டுச் சுவர் வழியாக, "எப்படி சார்?" என்று கத்தினேன். "எப்பம்மா போடப் போறீங்க?" என்று பதில் வந்தது. "போட்டு அஞ்சு நிமிஷம் ஆச்சு!" என்றேன். பிறகு அவளுடைய ஃபிரிட்ஜ் கிளம்பியபோதுதான் பல்பு ஒரு சிமிட்டு சிமிட்டியதாம். வெளியே வந்து, "மனுவை அந்த ஃபிரிட்ஜ் மேலதான் போட்டிருக்கணும்" என்றார்.

நிரந்தர அனுமதிக்கு இன்னும் ஒன்று மட்டும் பாக்கி. வரைபடத்தின் அடியில், உரிமம் உள்ள வயரிங்காரர், அதுவும் அதை வரைந்தவரே, கையெழுத்துப் போட வேண்டுமாம். பதினைந்தாம் தேதிக்குள். இல்லையென்றால் லேத்துக்குக் கரண்டு கிடையாது. புதிதாக ஒரு படம் வரைந்து கையெழுத்துப் போடச் சொல்லி, உரிமம் உள்ள மூன்று பேரைப் போய்ப் பார்த்தேன். மூன்று பேரும் உன்னோடு டீ குடிக்கிறவர்கள். "அண்ணன் ஒரு வார்த்தை சொன்னா போடறோம்மா" என்றார்கள்.

அசல் படத்தை ஆய்வாளரிடம் கேட்டு வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். இதில் கையெழுத்துப் போட்டால் மொட்டைக் கடிதம் எழுதியது நீதான் என்று நீயே அலுவலகத்தில் ஒப்புக்கொண்டதாகிவிடும். தெரிந்தேதான் அனுப்புகிறேன். நான் கடைந்ததற்கெல்லாம் பதினெட்டு வருஷம் நீ கையை நீட்டினாய். இது நீ வரைந்தது. நல்ல வேலை. உன் வேலைக்காவது ஒருமுறை உன் பெயரைப் போடு.

கெஞ்சுகிறேன் என்று நினைத்துவிடாதே. லேத் ஓடாவிட்டால் திரும்பி வருகிறேன் என்றுதான் எழுதிக் கொடுத்தேன். லேத் ஓடுகிறது. உன் கையெழுத்து இல்லாமல் கரண்டை நிறுத்தினால் அது என் தோல்வி இல்லை. அப்போதும் வர மாட்டேன். அரம் ஒன்று எடுத்துக்கொண்டு, உட்கார்ந்து கையால் ராவுவேன். உனக்காக யாராவது கூடமாட நிற்க வேண்டுமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்.

தங்கை


ஏப்ரல் 13

தங்கச்சி,

படம் இதோடு வருகிறது. எர்த் கம்பியின் கனத்தை எழுத விட்டுப்போயிருந்தது, சேர்த்திருக்கிறேன்.

சக் விழுந்த கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பயத்தில்தான் மனு எழுதினேன் என்று அண்ணியிடம் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் பாதிதான். நீ போன பிறகு கம்பெனியிலிருந்து மூன்று ஷாஃப்ட் திரும்பி வந்தது. மூன்றும் நான் கடைந்தவை. "பழைய கை எங்கே போச்சு?" என்று அந்த ஆள் கேட்டார். லீவு என்று சொல்லி அனுப்பினேன். உன் கரண்டைப் பிடுங்கினால் நீ வந்துவிடுவாய், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். கேவலமான வேலை. இதை எழுதவே எனக்கு மூன்று தாள் கிழிந்தது.

நேற்று பஸ் ஏறி ஆய்வாளரிடம் நேரில் போனேன். "மனு நான் எழுதினது சார். படமும் நான் போட்டது" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "மனுவை வாபஸ் வாங்கறீங்களா?" என்று கேட்டார். "மனுவை வாங்கிக்கறேன். படம் அப்படியே இருக்கட்டும்" என்றேன். அவர் முன்னாலேயே கையெழுத்துப் போட்டு, உரிம எண்ணையும் எழுதினேன். நகல் அவரிடம் இருக்கிறது. பதினைந்தாம் தேதியைப் பற்றி நீ இனி நினைக்க வேண்டாம்.

வரும் வழியில் கம்பெனிக்காரரையும் பார்த்தேன். அந்த ஷாஃப்ட் என் தங்கை கடைந்தது, இத்தனை வருஷமும் அவள் கடைந்ததுதான் என்று சொல்லி உன் விலாசத்தைக் கொடுத்துவிட்டேன். அவர் வேலை இனி இங்கே வராது.

உன் வீட்டுப் பக்கம் அடுத்த தெருவரை வந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். லேத் ஓடுகிற சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. நின்று கேட்டேன். சீராக ஓடுகிறது. உள்ளே வர முகம் இல்லை.

உன் லேத்தைப் பொறுத்தவரை எல்லாம் சரியாக இருக்கிறது. இந்தக் கையெழுத்துக்குப் பிறகு, இங்கே திரும்பி வர உனக்கு ஒரு காரணமும் மிச்சம் இல்லை. தெரிந்தேதான் போட்டேன்.

அண்ணன்